கேள்வி – பதில்: எம்.பி. மந்திரியானால் தொகுதிக்கு என்ன கிடைக்கும்?

காமராஜர் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்தபோது மத்திய மந்திரியாகவும் இருந்தாரா? (வாசகர், தக்கலை)

இல்லை. இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுக்க முன்நின்றவர் மத்திய மந்திரி பதவியே வகித்ததில்லை. 1967-ல் விருதுநகரில் தோற்றவரை, அப்போதைய எம்.பி. நேசமணியின் மறைவால் வந்த 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் ஜெயிக்க வைத்தது. 1971-ல் தமிழகத்தில் ஸ்தாபன காங்கிரஸுக்கு (1969-ல் காங்கிரஸ் உடைந்தபோது காமராஜர் இருந்த பிரிவு) கிடைத்த ஒரே மக்களவைத் தொகுதியும் இதுதான். 1975 அக்டோபர் 2-ல் மறையும்வரை அவர் நம் எம்.பி.

பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் மத்திய அரசில் வகித்த இலாகாக்கள் எவை? இணை அமைச்சருக்கு அதிகாரம் உண்டா? (வாசகர், மார்த்தாண்டம்)

1999-ல் நாகர்கோவிலில் வென்று வாஜ்பாய் அரசில் இணை அமைச்சரானார். 2014-ல், நாகர்கோவிலுக்குப் பதிலாக வந்த கன்னியாகுமரித் தொகுதியில் வென்றதும் முதலில் கனரகத் தொழில்; அதே நவம்பரில் சாலைப் போக்குவரத்து, கப்பல்; 2017 செப்டம்பரில் நிதி, கப்பல். எல்லாமே இணை அமைச்சர் பொறுப்புகள்தான்.

கேபினட் அமைச்சர்தான் துறைக்குத் தலைவர். தனிப்பொறுப்பு உள்ள இணை அமைச்சர் நேரே பிரதமருக்குப் பதில் சொல்வார். தனிப்பொறுப்பு இல்லாதவருக்கு கேபினட் அமைச்சர் பிரித்துக் கொடுக்கும் வேலைகள் மட்டுமே. முக்கிய கோப்புகளில் முடிவு மேலே உள்ளவருடையது.

தேர்தலில் தோற்றவர் மந்திரியாகலாமா? (வாசகி, குளச்சல்)

ஆகலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் மக்களவைக்கோ மாநிலங்களவைக்கோ வந்துவிட வேண்டும். வர முடியாமல் விலகியவரை, தேர்ந்தெடுக்கப்படாமலே அதே அவைக்காலத்தில் மறுபடி மந்திரியாக்கக் கூடாது என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எம்.பி. மந்திரியாவது தொகுதிக்கு லாபம்தானே? (வாசகர், கருங்கல்)

பாதி லாபம், பாதி நஷ்டம். நஷ்டத்தை யாரும் பேசுவதில்லை. மந்திரியானவர் கேள்வி நேரத்தில் எழுந்து கேள்வி கேட்க முடியாது. பதில் சொல்லும் இடத்தில் இருப்பார். அமைச்சகங்களின் வேலையை ஆராயும் நாடாளுமன்றத் துறைசார் நிலைக்குழுக்களிலும் இருக்க முடியாது. ரப்பர் விலையோ, கடலில் காணாமல் போன மீனவரோ, அவையில் கேள்வி எழுப்ப வேறு தொகுதி எம்.பி.யைத்தான் நாட வேண்டும். கிடைப்பது, துறை அதிகாரிகளிடம் நேரடியாகப் பேசும் வாய்ப்பு. அதுவும் அவருடைய துறையில்தான் வலுவாக நடக்கும்.

ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி மந்திரிக்கும் உண்டு. எம்.பி. பரிந்துரைப்பார், அனுமதி கொடுத்துச் செய்து முடிப்பது மாவட்ட நிர்வாகம். கோயில், சர்ச், பள்ளிவாசல் வேலைகளுக்கும் நிலம் வாங்கவும் அதைத் தொட முடியாது. இதற்காக மனு எழுதி ஏமாறாதீர்கள்.

நம் ஊர் மனுக்கள் பெரும்பாலும் தவறான மேசைக்குப் போய்த்தான் வீணாகின்றன. தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு) பெரும்பாலும் மாநில அரசுத் துறைகளின் வேலை. டெல்லிக்கு எழுதினால் பெரும்பாலும் மாநிலத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். சாலை என்றால் அது களியக்காவிளை வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையா, மாநிலச் சாலையா, ஊராட்சிச் சாலையா என்று முதலில் பாருங்கள். ஒரு மனுவில் ஒரு வேலை. ஐந்து கோரிக்கையைச் சேர்த்து எழுதினால் ஒன்று மட்டும் ஒரு பிரிவுக்குப் போகும், மற்றவை கிடப்பில் விழும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், புறம்போக்கா பட்டாவா, சர்வே எண் என்ன என்பதை எழுதி, கலெக்டருக்கும் நகல் அனுப்பி, ரசீது எண்ணை வாங்கி வையுங்கள்.