மூன்று லட்சம் போய்விட்டதா?

கேள்வி: நான் திங்கள்சந்தை பக்கம். நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். 2023 மே மாதம் நான்தான் பிடிவாதமாக நின்று மின்சார கார் வாங்கினேன். மொத்தம் 16 லட்சம் ஆனது. அதில் 12 லட்சம் வங்கிக் கடன், ஏழு வருடத் தவணை, மாதம் 19,300 ரூபாய் போகிறது. அடுத்த வருடம் தீபாவளிக்கு முன்னால் என் கொழுந்தன் அதே மாடலை 13 லட்சத்துக்கு எடுத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே, "அவளுக்கு என்ன அவசரமோ, மூணு லட்சம் போச்சு" என்று பேசினார்கள். நாகர்கோவில் புரோக்கர் ஒருவரிடம் கேட்டால் 7.25 லட்சத்துக்கு மேல் போகாது என்கிறார். கடனோ இன்னும் 8.5 லட்சம் நிற்கிறது. இதுவரை 38,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன், வண்டியில் ஒரு குறையும் இல்லை. விற்றுவிட்டு ஒரு சின்ன பெட்ரோல் கார் எடுக்கலாமா? விலை குறைத்த கம்பெனியிடம் வித்தியாசத்தைக் கேட்க வழி உண்டா? என் தங்கை வேறு, ஐந்து லட்சத்துக்கு மின்சார கார் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நிற்கிறாள். கணவரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.

பதில்: அன்புச் சகோதரி, விற்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புரோக்கர் அடுத்த தடவை போன் செய்யும்போது உங்கள் மனம் ஆடக்கூடாது.

இன்று விற்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். கைக்கு வருவது 7.25 லட்சம். வங்கிக்குக் கட்ட வேண்டியது 8.5 லட்சம். காரும் இல்லாமல், கையிலிருந்து ஒன்றேகால் லட்சமும் கொடுத்துவிட்டு நிற்பீர்கள். அதற்குப் பிறகு பெட்ரோல் காருக்குப் புதுக் கடன். இரண்டரை வருடத்தில் 38,000 என்றால் மாதம் சுமார் 1,270 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். சின்ன கார் என்றாலும் பெட்ரோலுக்கு மட்டும் 7,000 ரூபாய்க்கு மேல் போகும். இப்போது அதே தூரத்துக்கு உங்களுக்கு ஆகும் மின்சாரச் செலவு 2,000 ரூபாயைத் தாண்டாது. விலை குறைந்த வருத்தம் இன்றுவரை மனதில்தான் இருக்கிறது. விற்கும் நாளில்தான் அது பணமாக உங்கள் கையை விட்டுப் போகும். அந்த நாளை நீங்களாக இழுத்து முன்னால் கொண்டுவர வேண்டாம்.

அப்புறம் அந்த மூன்று லட்சம். கல்யாண வீட்டுக் கணக்கில் ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது. உங்கள் கொழுந்தன் 2024 அக்டோபரில் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அவருக்கு 17 மாதம் முந்தி. அந்த 17 மாதத்தில் நீங்கள் சுமார் 21,500 கிலோமீட்டர் ஓட்டியிருப்பீர்கள். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல், வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது என்றால் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உங்கள் காரில் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர், யூனிட் 9 ரூபாய் என்று கூட்டியே போட்டாலும் ஒன்றரை ரூபாய். கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்றால், அந்த 17 மாதத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சப்படுத்தியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் கொழுந்தன் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருந்தார். ஆக உங்கள் இருவருக்கும் இடையில் உள்ள உண்மையான வித்தியாசம் இரண்டு லட்சத்துக்குள்தான். இரண்டு லட்சமும் சின்னத் தொகை இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆசிரியை சம்பளத்தில் அது எத்தனை மாத உழைப்பு என்பதும் தெரியும். ஆனாலும் சரியான எண்ணைத் தெரிந்துகொண்டு வருத்தப்படுங்கள். ஊர் சொல்லும் எண்ணுக்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் அவசரப்பட்டீர்களா? விலை ஏன் இறங்கியது என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். மின்சார காரின் விலையில் பெரிய பங்கு பேட்டரிக்குத்தான். அந்தப் பேட்டரிக்கு முக்கிய மூலப்பொருளான லித்தியத்தின் விலை 2022 இறுதியில் உச்சத்தில் இருந்தது. 2024 தொடக்கத்தில் அந்த உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. புளூம்பெர்க் என்இஎஃப் என்ற ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்குப்படி, 2024இல் பேட்டரி விலை உலகச் சராசரியாக ஒரு கிலோவாட் மணிக்கு, அதாவது ஒரு யூனிட் மின்சாரம் சேமிக்கும் அளவுக்கு, 115 டாலர். ஒரே ஆண்டில் 20 சதவீதம் சரிவு. இதன் விளைவு நம் ஊர் ஷோரூம் வரை வந்தது. 2024 பிப்ரவரியில் டாடா நிறுவனம், பேட்டரி செல் விலை குறைந்ததைக் காரணமாகச் சொல்லி நெக்ஸான் மின்சார காரில் 1.2 லட்சம் வரை குறைத்தது. அதே மாதம் எம்ஜி காமெட் என்ற சின்ன மின்சார காரின் ஆரம்ப விலை 6.99 லட்சத்துக்கு வந்தது. செப்டம்பரில் பண்டிகைக்கால விலை என்று நெக்ஸானில் 3 லட்சம் வரை குறைத்து 12.49 லட்சத்திலிருந்து கொடுத்தார்கள். 2020 ஜனவரியில் அந்தக் கார் முதன்முதலாக வந்தபோதே ஆரம்ப விலை 13.99 லட்சம்! நாலு வருடம் கழித்து, அதைவிட நல்ல வண்டி அதைவிடக் குறைந்த விலைக்கு. 2023 மே மாதம் ஷோரூமில் நின்ற ஒரு பள்ளி ஆசிரியைக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்க முடியும்? பெரிய பெரிய கம்பெனிகளுக்கே தெரியவில்லை. அமெரிக்காவில் வாடகைக் கார் நடத்தும் ஹெர்ட்ஸ் நிறுவனம் மின்சார கார்களை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்துவிட்டு, 2024 ஜனவரியில் 20,000 கார்களை விற்கப்போவதாக அறிவித்தது. அவர்களிடம் கணக்குப் பார்க்க ஒரு படையே இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்ரோல் கார்காரர்களும் இதில் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்னால் கார் எடுத்தவர்கள் நம் மாவட்டத்திலேயே எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களை யாரும் கல்யாண வீட்டில் ஏமாளி என்று பேசியதாக நான் கேள்விப்படவில்லை. ஒரு பெண் தானாக முடிவெடுத்து வாங்கிய பொருள் என்றால் மட்டும் ஊர் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

கம்பெனியிடம் வித்தியாசத்தைக் கேட்க முடியாது. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு பொருளின் விலை பிற்காலத்தில் குறைவது சேவைக் குறைபாடு ஆகாது. பழைய வருடத்துத் தயாரிப்பைப் புதியது என்று சொல்லித் தந்திருந்தாலோ, "இனி விலை குறையவே குறையாது" என்று எழுதிக் கொடுத்திருந்தாலோ கதை வேறு. டெஸ்லா 2023 ஜனவரியில் விலையைக் குறைத்தபோது சீனாவில் பழைய வாடிக்கையாளர்கள் ஷோரூம்களுக்கே திரண்டு போய்க் கேட்டார்கள். அவர்களுக்கும் இழப்பீடு தரும் திட்டம் இல்லை என்றுதான் பதில் வந்தது. இதற்காக வக்கீலுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்: இன்சூரன்ஸ். விலை இறங்கியதால் உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் ஆபத்து இருக்குமென்றால் அது இங்கேதான். பாலிசியை எடுத்து ஐடிவி என்று போட்டிருக்கும் தொகையைப் பாருங்கள். கார் திருட்டுப் போனாலோ, சரிசெய்ய முடியாதபடி நொறுங்கினாலோ இன்சூரன்ஸ் கம்பெனி தருவது அந்தத் தொகையைத்தான். நீங்கள் கொடுத்த 16 லட்சத்தை வைத்து அதைப் போடுவதில்லை. புதுப்பிக்கும் நேரத்தில் அந்த மாடலுக்குக் கார் நிறுவனம் போட்டிருக்கும் விலையிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழிக்கிறார்கள். இரண்டு வருடம் தாண்டி மூன்று வருடத்துக்குள் இருக்கும் வண்டிக்கு 30 சதவீதம், அதற்கு அடுத்த வருடம் 40, அதற்கும் அடுத்தது 50. இன்றைய விலை 13 லட்சம் என்றால், 30 சதவீதம் போக 9.1 லட்சம். உங்கள் கடன் பாக்கி 8.5 லட்சம். நூலிழை இடைவெளிதான். அடுத்த வருடம் 40 சதவீதம் கழிந்தால் 7.8 லட்சம் ஆகிவிடும். அதற்குள் தவணை கட்டிக் கடனும் இறங்கியிருக்கும் என்றாலும் இடைவெளி பெரிதாகாது. நிறுவனம் இன்னொரு முறை விலையைக் குறைத்தால் கடன் மேலே, காப்பீடு கீழே என்று ஆகிவிடும். அப்படி ஒரு நிலையில் விபத்து நடந்தால் வரும் தொகை முழுவதும் வங்கிக்குப் போய், மீதியும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே மே மாதம் புதுப்பிக்கும் முன் இரண்டு மூன்று இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் விலை கேளுங்கள். விதிகளுக்கு உட்பட்டு எவ்வளவு கூடுதல் ஐடிவி தருவார்கள் என்று விசாரியுங்கள். வண்டி முழுதாகச் சேதமானால் வாங்கிய பில் தொகையைத் தரும் கூடுதல் காப்பீடு ஒன்று உண்டு. பெரும்பாலும் புதுசாக இருக்கும் வருடங்களில்தான் தருவார்கள். உங்கள் வண்டிக்கு இன்னும் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம் பேட்டரிக்கான கூடுதல் காப்பீடு. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. 2021 நவம்பரில் தெருவெல்லாம் குளமாக நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் புகுந்து பேட்டரி கெட்டால் சாதாரண பாலிசியை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கடனில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கார் ஓட்டுவதில் மாதம் மிச்சமாகும் ஐந்தாறாயிரம் இப்போது வீட்டுச் செலவோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதைத் தனியாகச் சேர்த்து வருடத்துக்கு ஒரு முறை அசலில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று வங்கியில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தவணை 2030 மே மாதம் முடிய வேண்டியது. இப்படிக் கட்டினால் அதற்கு முன்பே முடியும். பேட்டரி வாரண்டி பொதுவாக எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். உங்கள் கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இருந்தால், நீங்கள் ஓட்டும் வேகத்தில் எட்டு வருடத்தில் 1,22,000 கிலோமீட்டர்தான் ஆகும், வாரண்டி 2031 மே வரை நிற்கும். கடன் தீர்ந்த பிறகும் ஒரு வருடம் பேட்டரி பயமில்லாமல் ஓட்டலாம். விலைக் குறைப்பால் உங்களுக்கு ஏற்பட்ட இழப்பு கரைவது அந்த வருடங்களில்தான். நாலாவது வருடம் விற்பவருக்கு அது முழுதாக விழும். வண்டி உழைக்கும்வரை ஓட்டுபவருக்கு ஏறக்குறைய இல்லாமலே போகும்.

என்றைக்காவது விற்க நேர்ந்தால், புரோக்கரிடம் போகும் முன் சர்வீஸ் சென்டரில் பேட்டரி எவ்வளவு திறனோடு இருக்கிறது என்ற அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். 38,000 கிலோமீட்டர் குறையில்லாமல் ஓடிய வண்டிக்கு அந்தத் தாள்தான் விலை பேசும். அதோடு, பழைய மின்சார காரை வியாபாரி வாங்கி விற்றால் அவருடைய லாபத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. நீங்கள் நேரடியாக ஒருவருக்கு விற்றால் இல்லை. புரோக்கர் சொன்ன 7.25 லட்சத்தை உங்கள் காரின் மதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது அவர் வாங்க விரும்பும் விலை. களியக்காவிளை தாண்டி கேரளத்தில் ஆள் கிடைத்தால், வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்றும் அங்கே கட்ட வேண்டிய வரியும் யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கணவரிடம் சொல்லுங்கள். இந்த வாரமே. வேறு யாராவது போனில் "மூணு லட்சம் போச்சாமே" என்று கேட்டு அவருக்குத் தெரியவருவதைவிட, மேலே உள்ள கணக்கை நீங்களே ஒரு தாளில் எழுதி அனுப்புவது நல்லது. பெட்ரோல் மிச்சத்தையும் அதில் எழுதுங்கள். 2023இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் கார் வாங்கியிருந்தால் தமிழ்நாட்டில் 15 சதவீதம் ஆயுள்வரி கட்டியிருப்பீர்கள், மின்சார காருக்கு அது முழுவதும் விலக்கு என்பதையும் எழுதுங்கள். குவைத்தில் வெயிலில் உழைப்பவருக்கு நம் வீட்டுக் கணக்கு நேராகத் தெரிய வேண்டும்.

தங்கை பார்த்த விளம்பரத்தில் கவனம் வேண்டும். ஐந்து லட்சம் என்பது பேட்டரி இல்லாத விலை. எம்ஜி காமெட்டை 2024 செப்டம்பரில் அப்படித்தான் 4.99 லட்சம் என்று அறிவித்தார்கள். பேட்டரிக்கு ஓட்டும் கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் வாடகை என்று அப்போது வைத்தார்கள். அந்தக் கணக்கில், நீங்கள் ஓட்டும் தூரத்தை அவளும் ஓட்டினால் மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் வாடகை, அதற்கு மேல் மின்சாரம். குறைந்தபட்ச வாடகை உண்டா, இடையில் விற்றால் பேட்டரி யாருக்கு என்று கேட்டு எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. வீட்டிலேயே நிறுத்திச் சார்ஜ் போட இடம் இருக்கிறதா, மாதம் ஆயிரம் கிலோமீட்டராவது ஓட்டுவாளா? இரண்டுக்கும் ஆம் என்றால், வாரண்டி பாக்கியுள்ள இரண்டு மூன்று வருடப் பழைய மின்சார காரைத் தேடச் சொல்லுங்கள். புது வண்டியின் விலை இறங்கியதில் பழைய வண்டி வாங்குபவருக்குத்தான் லாபம் அதிகம். உங்கள் வண்டியை ஒரு வாரம் அவளிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜ் போடுவது அவளுக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.