மீண்டும் குவாதலூப்

கேள்வி: திருமணமான புதிதில் நானும் கணவரும் கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவுக்குச் சென்றோம், கிராந்த்-தேர் பகுதியின் வெண்மணல் கடற்கரையை விட்டு நகரவே இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து மறுபடியும் அங்கேயே போக ஆசை. புதிதாகப் பார்க்க ஏதேனும் உண்டா? எப்போது செல்லலாம்?
– வாசகி, பாரிஸ்

பதில்: தீவின் பாதியைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகளைப் போல அமைந்த அத்தீவின் மேற்குச் சிறகான பாஸ்-தேரில் இம்முறை தங்குங்கள். 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலையும், அதன் சரிவில் மழைக்காட்டினூடே விழும் கர்பே அருவிகளும் அங்குதான் உள்ளன.

ஆனால், என்னைக் கேட்டால், முதலில் கப்பெஸ்தேர் ஊருக்குப் போகச் சொல்வேன். 1854 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களில் தமிழர்கள் ஏராளம்; அவர்களுடைய வழித்தோன்றல்கள் தமிழ் பேசும் வழக்கத்தை இழந்துவிட்டபோதிலும், மாரியம்மனை ‘மாலியேமின்’ என்றழைத்து இன்றும் வழிபடுகிறார்கள். அவ்வூர்க் கோயிலின் முகப்பில் வண்ணம் தீட்டிய நம் தெய்வச் சிலைகளைக் காணும்போது நெஞ்சு நெகிழ்ந்துவிடும். ராமசாமி, முத்துசாமி என்னும் பெயர்கள் அங்கே குடும்பப் பெயர்களாக வாழ்கின்றன. ‘கொலம்போ’ என்னும் ஆட்டுக்கறிக் குழம்பையும் தவறவிடாதீர்கள்; மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம் சேர்ந்த அதன் மணம் உங்கள் வீட்டுச் சமையலறையை நினைவூட்டும்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். மழை குறைந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களே மலையேற ஏற்றவை.