வாசகர் கேள்வி – பதில்: யாரா பள்ளத்தாக்கில் ஒரு நாள்

கேள்வி: வேலூரில் ஒரே கல்லூரியில் படித்த நண்பர்கள் நால்வர், வரும் மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருக்கும் ஐந்தாவது நண்பன் வீட்டுக்குச் செல்கிறோம். யாரா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒரு நாள் அழைத்துப்போய் ஒயின் சுவைக்க வைப்பதாக அவன் சொல்கிறான். எங்களில் ஒருவர் மதுவைத் தொடுவதே இல்லை. மற்றவர்களுக்கும் ஒயின் புதிது. சங்கடப்படாமல் அந்த நாளைக் கழிப்பது எப்படி?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: நல்ல பருவத்தில் செல்கிறீர்கள். அங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடைக் காலம் என்பதால், கொடியில் பழத்தையும், ஆலை முற்றத்தில் பழம் நசுக்கப்படுவதையும் ஒரே நாளில் பார்க்க வாய்ப்பு உண்டு. மெல்போர்னிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். 1838-இல் ரைரி சகோதரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து யெரிங் என்னும் இடத்தில் நட்ட கொடிகளே விக்டோரியா மாநிலத்தின் முதல் திராட்சைத் தோட்டம். பிற்காலத்தில் அந்தக் கொடிகள் போய் அங்கே பால் மாடுகள் மேய்ந்தன. 1960-களில்தான் திராட்சைக் கொடி மீண்டும் ஏறத் தொடங்கியது. இன்று பினோ நுவார் என்னும் சிவப்பு வகைக்கும் ஷார்டனே என்னும் வெள்ளை வகைக்கும் அந்தப் பள்ளத்தாக்கு பெயர் பெற்றிருக்கிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் முதன்முறை சென்றபோது இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு தோட்டத்தில் ஐந்து வகை, வகைக்கு 30 மில்லி என்று ஊற்றினால் 150 மில்லி ஆகிறது. மூன்று தோட்டங்களில் 450 மில்லி, அதாவது 750 மில்லி புட்டியில் பாதிக்கு மேல். நாங்கள் காலை உணவையும் தவிர்த்துவிட்டு ஐந்து தோட்டங்களுக்குத் திட்டமிட்டிருந்தோம். நான்காவது தோட்டத்தில் நண்பர் ஒருவர் தலைசுற்றி மர நிழலில் படுத்துக்கொண்டார். அங்கே சுவைத்தது எதுவும் என் நினைவில் தங்கவில்லை. ஆகவே இரண்டு தோட்டங்கள், மிஞ்சினால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இட்லியோ ரொட்டியோ வயிறு நிறைய உண்டுவிட்டுப் புறப்படுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உங்களில் இருந்தால், ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுத் தெளிந்துகொள்வது அவசியம். வெறும் வயிற்றில் மது சேரும்போது இரத்தச் சர்க்கரை அபாயமாகக் குறையக்கூடும்.

சுவைக்கும் மேசையின் ஓரத்தில் ஒரு வாளியோ கூஜாவோ இருக்கும். வாயில் வைத்துச் சுவைத்த ஒயினைத் துப்புவதற்கும், கோப்பையில் மிஞ்சியதைக் கொட்டுவதற்கும் உரியது அது. கொடுத்ததைத் துப்புவது விருந்தோம்பியவரை அவமதிப்பது என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது உறுத்தத்தான் செய்யும். எனக்கும் முதல் முறை கை கூசியது. ஆனால் ஒயின் தயாரிப்பவர்களே நாள் முழுதும் அப்படித்தான் சுவைக்கிறார்கள். மேசைக்குப் பின்னால் நின்று ஊற்றிய பெண்மணி தாமே ஒரு மடக்கை வாயில் சுழற்றித் துப்பிக் காட்டிய பிறகுதான் என் கூச்சம் போயிற்று. கோப்பையைத் தண்டைப் பிடித்துத் தூக்குங்கள், கையின் சூடு ஒயினில் ஏறாது. முகர்வது பாதி வேலை. அன்று ஒரு நாள் சென்ட், ஜவ்வாது, அத்தர் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர்களும் நன்றி சொல்வார்கள்.

மது தொடாத நண்பரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவரை வற்புறுத்த வேண்டாம் என்பதோடு, ‘அவர்தான் இருக்கிறாரே, வண்டியை ஓட்டட்டும்’ என்று சொல்லி விடுமுறை நாளை அவருக்கு வேலை நாளாக்கிவிடவும் வேண்டாம். நால்வரும் செலவைப் பங்கிட்டு ஓட்டுநரோடு ஒரு வேன் அமர்த்திக்கொள்ளுங்கள். முழு உரிமம் பெற்றவர்களுக்கே அங்கே இரத்த மது வரம்பு 0.05 சதவீதம் மட்டும், தோட்டச் சாலைகளில் காவல்துறையின் ஊதுசோதனை சாதாரணம். பழத்தைப் பார்க்கவும், பீப்பாய் அறையின் ஓக் மர வாசனையை முகரவும், பாலாடைக்கட்டியையும் ரொட்டியையும் உண்ணவும் மது குடிக்க வேண்டிய தேவை இல்லை. அவருக்கும் அது முழுமையான நாளாகவே இருக்கும்.

கொடிவரிசைகளுக்குள் அனுமதியின்றி இறங்கிப் படம் எடுக்காதீர்கள். வேரைத் தின்னும் பில்லாக்ஸெரா என்னும் சிறு பூச்சி 1877-இல் விக்டோரியாவுக்கு வந்து, கொடிகளைத் தோட்டம் தோட்டமாக அழித்தது. யாரா பள்ளத்தாக்கின் ஒரு பகுதியில் அது இப்போதும் இருக்கிறது. செருப்பில் ஒட்டிய மண்ணோடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும் என்பதால், ஓரிடத்தில் எங்கள் காலணிகளை மருந்து நீரில் தோய்த்த பிறகே உள்ளே அனுமதித்தார்கள்.

கேள்வி: மகன் வெளிநாட்டில் சிவப்பு ஒயின் வாங்கித் தந்தபோது வாயெல்லாம் துவர்த்து வறண்டுவிட்டது. அது கெட்டுப்போன ஒயினா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: ஆம்பூர்க்காரரிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனெனில் விடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஊறும் தொட்டிகளில் தோல் பதனிட்ட காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். குரோம் உப்பால் பதனிடும் முறை வருவதற்கு முன் அந்தப் பட்டையிலும் காயிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள்தான் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாத தோலாக மாற்றியது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருப்பதும் அந்த டானின் இனமே. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை உடனே பிரித்துவிடுகிறார்கள். சிவப்புக்குத் தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க விடுவதால் நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. அது உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும்போது கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கிறது, கடுக்காய்த் துண்டைக் கடித்தாற்போல.

நான் சுவைத்த ஓர் இளம் சிவப்பு ஒயின் முதல் மடக்கில் அப்படித்தான் நாக்கைப் பிடித்தது. ஒரு துண்டு பாலாடைக்கட்டியை மென்றுவிட்டு மறுபடி வாயில் வைத்தேன். துவர்ப்பு தணிந்து, நாவற்பழத்தை நினைவூட்டும் ஒரு சுவை மேலே வந்தது. கடுந்தேநீரில் பால் சேர்த்தால் துவர்ப்பு அடங்குவதும் இதே காரணத்தால்தான். கெட்டுப்போன ஒயின் காடியாகப் புளிக்கும், அல்லது நனைந்த அட்டைப்பெட்டியைப் போல நாறும். நீங்கள் குடித்தது கெட்டதாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆட்டுக்கறியோடு உண்டிருந்தால் அதன் குணமே வேறாகத் தெரிந்திருக்கும். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி, அதற்குத் தனிப்பெயரும் வைத்திருக்கிற மொழி நம்முடையது; அயலூர்க் கோப்பையில் அதைச் சந்திக்கும்போது நாம் மருளத் தேவையில்லை.

கேள்வி: தோட்டத்தில் வாங்கும் புட்டிகளை ஊருக்குக் கொண்டுவரலாமா?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: இந்தியாவுக்கு வரும் பயணி ஒருவர் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய அளவு 2 லிட்டர். இரண்டு புட்டிகள் என்றால் 1.5 லிட்டர், மூன்றாவது சேர்ந்தால் 2.25 ஆகிவிடும், அதற்குச் சுங்கத்தில் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தை விமானப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள் என்பதால் புட்டிகள் பெரிய பெட்டியில்தான் வர வேண்டும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் இட்டு, மேலே லுங்கியை நான்கு சுற்றுச் சுற்றி, பெட்டியின் விளிம்பைத் தொடாமல் நடுவில் துணிகளுக்கிடையே படுக்க வையுங்கள். எனக்கு இதுவரை ஒன்றும் உடையவில்லை.