கண் மெலனோமா என்ற கண் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. கல்லீரலுக்கு மட்டும் தரும் கீமோவையும், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியையும் சேர்த்துத் தரலாமா?

வாப்பாவுக்காகக் கீழக்கரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தரலாம், ஆனால் கல்லீரலில் பாதிக்கு மேல் கட்டி பரவியிருக்கக் கூடாது.

இந்தக் கீமோவில் மயக்க மருந்து கொடுத்து, தொடையிடுக்கு வழியே கல்லீரல் தமனிக்குள் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தைச் செலுத்துவார்கள். கல்லீரலைவிட்டு வரும் ரத்தத்தைப் பெருஞ்சிரையில் இரண்டு பலூன்களால் மறித்து, வெளியே எடுத்து வடிகட்டி, கழுத்துச் சிரையில் திருப்பி விடுவார்கள். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அதனால் பழகிய குழு இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள்.

நெதர்லாந்தில் நடந்த CHOPIN என்ற ஆய்வில் இதனுடன் இபிலிமுமாப், நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்தபோது, ஓராண்டு நோய் முற்றாமல் இருந்தவர்கள் 54.7%; இந்தக் கீமோ மட்டும் பெற்றவர்களில் 15.8%. பெரிய வித்தியாசம்தான், பக்கவிளைவும் அதற்கேற்பக் கூடும்.

கீமோ தந்த அடுத்த இரண்டு வாரங்களில் வெள்ளணுவும் தட்டணுவும் சரியும். ரத்தப் பரிசோதனையை ஊரிலேயே எடுத்து டாக்டருக்கு அனுப்பலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள். மதுரை போகும்வரை தாமதிக்காமல் ராமநாதபுரத்திலேயே சேருங்கள்.

கண் மஞ்சளானால் கீழாநெல்லி வேண்டவே வேண்டாம். இம்யூனோதெரபியால் வரும் கல்லீரல் அழற்சிக்கு மருந்து ஸ்டீராய்டு. நாள் தள்ளினால் ஆபத்து. வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலும் உடனே சொல்லுங்கள்.