சிவப்புக் கோடு விழாத பிழை

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். சிதம்பரம் ஆனித் திருமஞ்சனத்துக்கு அன்னதான நோட்டீஸ் அடித்தபோது 'ஆணித் திருமஞ்சனம்' என்று விழுந்துவிட்டது. ஆயிரம் பிரதியும் போன பிறகுதான் பார்த்தோம். பிழைதிருத்தி ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை. இதைத் தானாகப் பிடித்துத் திருத்த வழியே இல்லையா?
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: ஆயிரம் பிரதி போன பிறகு பிழை கண்ணில் பட்டால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், சார். சாதாரணப் பிழைதிருத்தி பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தச் சொல் அகராதியில் இருக்கிறதா? ஆணி இருக்கிறது, விட்டுவிட்டது. நீங்கள் ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழ் அடிப்பவர் என்றால் சின்ன 'என்' அடித்தால் ன, ஷிஃப்டோடு அடித்தால் ண; விரல் ஒரு நொடி கூடுதலாக ஷிஃப்டில் நின்றாலே போதும். ர-ற, ல-ள எல்லாம் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததே, அதை 'கறையைக் கடந்தது' என்று அடித்தாலும் கோடு விழாது.

வழி உண்டு. சொல்லைத் தனியாகப் பார்க்காமல் அக்கம்பக்கத்தோடு பார்க்க வேண்டும். ஓரெழுத்து மாறினால் வரக்கூடிய வேறு சொற்களை எடுத்துக்கொண்டு, 'திருமஞ்சனம்' பக்கத்தில் எது அதிகம் வருகிறது என்று ஏற்கெனவே எழுதப்பட்ட ஏராளமான பக்கங்களில் எண்ணிப் பார்த்தால் ஆனிதான் ஜெயிக்கும். மேஸ், டேமரோ, மெர்சர் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவர் 1991-லேயே ஆங்கிலத்தில் மும்மூன்று சொற்களாக எடுத்து இதைச் செய்து பார்த்தார்கள். தட்டச்சு செய்தவரை எவ்வளவு நம்புவது என்பதற்கும் அதில் ஓர் எண் உண்டு. அதைக் குறைத்தால் சரியான சொல்லிலும் கை வைத்துவிடும்.

தமிழில் கூடுதல் சிக்கல். கரையை, கரையில், கரைக்கு, கரையோரத்தில் என்று ஒரே சொல் பல உருவில் வருவதால் வேரையும் விகுதியையும் பிரித்துத்தான் எண்ண வேண்டும், அப்புறம் எண்ணுகிற பக்கங்களிலேயே பலர் 'ஆணி மாதம்' என்று எழுதி வைத்திருந்தால் கருவியும் அதையே கற்றுக்கொள்ளும்.

அதனால் சந்தேகத்தை அது காட்டட்டும், திருத்துவதை நீங்கள் செய்யுங்கள். ஹார்டுவேர் கடை பில்லில் 'ஆணி 2 கிலோ' சரிதானே? பத்திரிகையில் மணப்பெண் பெயரை அது மாற்றிவிட்டால் யார் பதில் சொல்வது?

இப்போதைக்கு ஒரு நோட்டில் ஆனி-ஆணி, வேலை-வேளை, கரை-கறை, மனம்-மணம், அரை-அறை என்று உங்கள் கடையில் அடிக்கடி புரளும் ஜோடிகளை எழுதி வையுங்கள். அச்சுக்கு பிளேட் போடுமுன் ஒவ்வொன்றையும் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடுங்கள், 'சுபவேலையில்' மாதிரியானதெல்லாம் அங்கேயே மாட்டும். வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிறோம் என்று விட்டுவிடாதீர்கள். நம்மில் பலர் வாயில் ன-வும் ண-வும் ஒன்றாகத்தான் வருகிறது, காதுக்குப் பிழை தெரியாது. புரூஃபைக் கண்ணால் எழுத்தெழுத்தாகப் பாருங்கள், நோட்டீஸ் கொடுத்தவரையும் பார்க்க வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.