கேளுங்கள், சொல்கிறேன்: அடிஸ் அபாபாவும் நம்ம வாய்க்காலும்

2027ல் எத்தியோப்பியா உலகக் காலநிலை மாநாட்டை நடத்தப்போகிறதாமே, பஞ்சத்தில் அடிபட்ட நாட்டுக்கு இந்தச் செலவெல்லாம் தேவையா?
– மன்னார்குடி வாசகர்

அந்தப் பஞ்சம் 1984ல். நாற்பது வருஷம் ஓடிவிட்டது, நமக்குத்தான் இன்னும் அந்த எலும்பும் தோலுமான குழந்தைப் படம் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகமே எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில்தான் இருக்கிறது, தலைவர்கள் வந்து கூடுவது அந்த ஊருக்குப் புதிதில்லை. 2025 செப்டம்பரில் ஆப்பிரிக்க நாடுகளின் காலநிலை மாநாட்டை நடத்தி ஒத்திகையும் பார்த்துவிட்டார்கள். நைஜீரியாவும் போட்டிக்கு நின்றது. அந்த நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் கூடிய உலக மாநாட்டில் எத்தியோப்பியாவுக்கென்று முடிவாயிற்று. 2026ல் துருக்கி, அடுத்து இவர்கள். உலகம் விடும் கரிப்புகையில் ஆப்பிரிக்காவின் பங்கு நூற்றுக்கு நாலு கூட வராது. அடி வாங்குகிறவன் வீட்டிலேயே பஞ்சாயத்து வைத்தால் என்ன தப்பு?

மாநாட்டுக்காக என்னென்ன செய்கிறார்கள்? நம்மூரில் அமைச்சர் வந்தால் அடிக்கிற பிளீச்சிங் பவுடர் மாதிரிதானா?
– பட்டுக்கோட்டை வாசகர்

கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் அடிஸ் அபாபாவில் சாலையை அகலப்படுத்துவதும் நடைபாதை, சைக்கிள் பாதை போடுவதும் மாநாடு கிடைப்பதற்கு முன்பே ஆரம்பித்த வேலை. அதற்காகப் பியாசா என்ற பழைய பேட்டையில் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள், குடியிருந்தவர்கள் வயிறெரிந்ததும் நடந்தது. பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியை 2024லேயே நிறுத்திவிட்டார்கள், அதற்குத் தைரியம் வேண்டும். 2019ல் ஒரே நாளில் 35 கோடி மரக்கன்று நட்டதாகவும் அரசு சொன்னது. நட்டது சரி, பிழைத்தது எத்தனை? நம்ம சாலை ஓரத்தில் கன்று போய்க் கூண்டு மட்டும் நிற்பதைப் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது.

நைல் நதியில் அவர்கள் கட்டிய அணையும் நம்ம காவிரிச் சண்டையும் ஒன்றுதானே?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

முகஜாடை ஒன்று, ஜாதகம் வேறு. நீல நைலில் கட்டிய அந்த அணையை 2025 செப்டம்பரில் திறந்தார்கள். கொள்ளளவை நம்ம கணக்கில் சொன்னால் சுமார் 2,600 டிஎம்சி, அதாவது மேட்டூர் மாதிரி இருபத்தெட்டு. கீழே இருக்கிற எகிப்துக்குத் தூக்கம் வருமா? டெல்டாக்காரனாக என் மனசு எகிப்து பக்கம்தான் சாயும், அவர்களும் நம்மை மாதிரி ஆற்றின் கடைசியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ஆனால் 1959ல் எகிப்தும் சூடானும் நைல் தண்ணீரை எழுதிப் பங்கு போட்டுக்கொண்டபோது, பெரும்பகுதித் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த எத்தியோப்பியாவுக்கு ஒரு சொட்டுகூட எழுதவில்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும். அங்கே ஏறக்குறைய பாதிப் பேருக்கு இன்னும் கரண்ட் இல்லை. மின்சாரம் எடுத்த தண்ணீர் கீழேதான் போகும், சரி. மழை பொய்த்த வருஷம் எப்போது, எவ்வளவு விடுவார்கள் என்பதற்குத்தான் கையெழுத்தான ஒப்பந்தம் கிடையாது. நமக்கு 177.25 டிஎம்சி என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பாவது கையில் இருக்கிறது, அவர்களுக்கு அதுவும் இல்லை.

இத்தனை மாநாடு போட்டார்களே, கடைமடை விவசாயிக்கு ஒரு பைசா வருமா?
– வேதாரண்யம் வாசகர்

2018 நவம்பர் 16, கஜா. விடிந்து பார்த்தபோது எங்கள் கொல்லையில் பதினேழு தென்னையில் மூன்றுதான் நின்றன, அதிலும் ஒன்றுக்குக் குருத்தே இல்லை, கம்பம் மாதிரி நின்றது. கணக்கெடுக்க வந்தவர் அதைச் சேர்க்க மறுத்துவிட்டார். "சாயலையேங்க, நிக்கிதே" என்றார். இந்த மாதிரி இழப்புக்கு ஏழை நாடுகளுக்குப் பணம் தர வேண்டும் என்று ஒரு நிதியை 2022ல் எகிப்து மாநாட்டில்தான் ஒப்புக்கொள்ள வைத்தார்கள், அதுவும் ஆப்பிரிக்க மண்ணில். அடுத்த வருஷம் துபாயில் வந்த வாக்குறுதி சுமார் 70 கோடி டாலர். உலகக் கணக்குக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. பொதுவான காலநிலை நிதிக்கு 2035க்குள் வருஷம் 30,000 கோடி டாலர் என்று 2024ல் அஜர்பைஜானின் பாகு நகரில் கூடிய மாநாட்டில் சொன்னார்கள், இந்தியா அங்கேயே எதிர்ப்புத் தெரிவித்தது.

மேட்டூரில் மதகைத் தூக்கிப் பூத்தூவுகிற படம் மறுநாளே பேப்பரில் வந்துவிடும். உங்கள் ஊர் வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, காய்ந்த வெடிப்பில் இறங்கி இறங்கி அந்தத் தண்ணீர் வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிஸ் அபாபாவில் எவ்வளவு அறிவித்தார்கள் என்று பார்க்காதீர்கள், முன்பு அறிவித்ததில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள்.

மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு நல்ல காபி கிடைக்குமா?
– கும்பகோணம் வாசகர்

காபிச் செடிக்குப் பிறந்த வீடே அதுதான் சாமி! பச்சைக்கொட்டையை எதிரிலேயே வறுத்து, இடித்து, மண் கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றோடு எழுந்து வந்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள்.