தசமபாகத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். மாதம் 15,000 ரூபாய் வந்தால் பத்தில் ஒரு பங்கான 1,500 ரூபாயைத் தசமபாகமாக எடுத்து வைத்துச் சபையில் கொடுத்துவிடுவோம். பத்து வருஷமாய் இதில் தவறியதில்லை. இப்போது அடுத்த விளையில் உள்ள வீட்டில் ஒரு அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார். ஒரே மகள்தான் பார்த்துக்கொள்கிறாள், போய்க்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டாள். அவர்கள் நம் சபையார் இல்லை. இந்தப் பணத்தை அவர்களுக்குக் கொடுத்தால் தேவனுடையதை நாங்கள் எடுத்ததாக ஆகிவிடுமா?
— ஒரு சகோதரி, பாறசாலை

பதில்: ஆகாது, தங்கச்சி. பைபிளில் உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைத் திறந்து பாருங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர் வாசலில் வைக்கச் சொல்கிறது. லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை எல்லாரும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும். பரதேசி என்றால் நம் கூட்டத்தைச் சேராதவர்தானே! ஆனால் ஆலயப் பணி செய்கிற லேவியனும் அதே வரிசையில் இருக்கிறான். அதனால் சபைக்குக் கொடுப்பதை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். போதகரின் சம்பளமும் ஆலயத்துக் கரண்ட் பில்லும் அதில்தான் நடக்கின்றன. ஆயிரம் அங்கே, ஐந்நூறு இங்கே என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் வெட்டு இல்லாமல் வரவு குறைந்தால் கொடுப்பதும் குறையட்டும். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

சரி, பணம் இருக்கட்டும். அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தீர்களா?

நர்ஸ் வேலையில் சேர்ந்த புதிதில் களியக்காவிளைப் பக்கம் இப்படி ஒரு வீட்டுக்கு மாதாமாதம் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போவேன். வாசலில் கொடுத்து, ஜெபம் பண்ணிவிட்டு வந்துவிடுவேன். ஆறாவது மாதம் கட்டிலடியில் குனிந்தபோது ஐந்து பாட்டிலும் மூடி திறக்காமல் இருந்தன. அந்தப் பாட்டிக்கு விழுங்கவே முடியாது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அருகில் இருந்த மகள் சொன்னாள், "ஒரு மணி நேரம் யாராவது அம்மையோட இருந்தா நான் தலைக்குக் குளிச்சுட்டு ரேஷன் கடைக்குப் போயிட்டு வருவேன் சிஸ்டர்." ஆறு மாதமாக அதை நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்த பாட்டில்கள் என் கண்ணில் நிற்கின்றன.

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு இங்கிலாந்துக்கார டாக்டர் சோமர்வெல் முதலில் வந்ததுகூடச் சும்மா பார்க்கத்தான். 1922இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டார். லண்டனில் கிடைக்கவிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இங்கேயே மருத்துவராக வந்து சேர்ந்தார். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர்தான்.

அதனால் இந்த வாரமே போங்கள். வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை. பழைய பருத்தி வேஷ்டி இருந்தால் துவைத்து மடித்துக் கொண்டு போங்கள், அடியில் விரிக்க உதவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மையைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மகளுக்குக் கை கொடுங்கள். அப்புறம் ஊர் சுகாதாரப் பணி செய்கிற ஆஷா பணியாளரிடம் சொல்லி, படுக்கையில் கிடக்கிறவர்களைக் கவனிக்கும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் பட்டியலில் அம்மையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஐந்நூறு ரூபாய் எதற்கு வேண்டும் என்று மகளே சொல்லட்டும். டயப்பராக இருக்கலாம், ஆட்டோக் கூலியாக இருக்கலாம்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முதியோர் இல்லத்தில் சேலை கொடுக்கிறோம். கணக்குக் காட்டப் போட்டோ எடுப்பது தப்பா?
— வாலிபர் சங்கச் செயலாளர், மார்த்தாண்டம்

பதில்: கணக்குக் காட்டுவது நல்லதுதான் தம்பி, பணம் பலருடையது. கடை பில்லையும் அடுக்கி வைத்த சேலைகளையும் எடுங்கள். வாங்குகிற பாட்டிமாரின் முகத்தை எடுக்காதீர்கள். போன வருஷம் ஒருவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கை நீட்டியதை நான் பார்த்தேன்.